அத்தை அமுக்கிய பொத்தான்

அலுவலகத்தில் அவருக்கு வரிசைக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை வங்கி மட்டும் ஞாபகம் வைத்திருந்தது. எந்த வேலையாக இருந்தாலும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிறுத்திவிட்டால் உலகத்தில் சண்டையே வராது என்பது மனிதருடைய கொள்கை. வீட்டில் இந்தக் கொள்கை எடுபடவில்லை. அவர் மனைவி அடுப்பில் ஒரு கண், ஃபோனில் ஒரு காது, கணவன்மேல் முழு வாய் என்று ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இருக்கக்கூடியவர். வரிசை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அதனால் கொள்கையை மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டுபோய் அலுவலகத்தில், புரோகிராமுக்குள் இறக்கிவைத்தார்.

அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கீழே சக்கரத்தின் நட்டைக் கழற்றும் இயந்திரம் அலறும்போதெல்லாம் மேலே டீ டம்ளர்கள் நடுங்கும். அங்கே செய்து விற்ற சரக்கு அழைப்பு மணி. முதியோர் இல்லங்களிலும் சின்ன மருத்துவமனைகளிலும் கட்டில் தலைமாட்டில் ஒரு பொத்தான் தொங்குமே, அதை அமுக்கினால் நர்ஸ் உட்கார்ந்திருக்கும் மேசையில் மணியடித்து அறை எண் எரியுமே, அதேதான். இவ்வளவுதானா என்று யாராவது கேட்டுவிட்டால் வரிசைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கேட்டவரை உட்காரவைத்து விளக்க ஆரம்பித்துவிடுவார். விவரம் தெரிந்தவர்கள் யாரும் கேட்பதில்லை.

நீங்களும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஒரு மாடி நிறைய அறைகள், அறைக்கு ஒரு பொத்தான், யார் எப்போது அமுக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அத்தனை பொத்தானையும் ஒரே சமயத்தில் கவனிக்க வேண்டும். கணினிகளை ஓட்டும் யூனிக்ஸ் என்ற மென்பொருளின் வம்சத்தில் இதற்கு மூன்று வழி உண்டு. மூன்றுக்கும் தனித்தனிப் பக்தர்கள் உண்டு. பக்தர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

முதல் வழி, அறைக்கு ஒரு புரோகிராம். தனித்தனிக் குடித்தனம். ஒருவன் விழுந்தால் அடுத்தவனுக்கு ஒன்றுமில்லை, ஆனால் இடத்தை அடைக்கும், ஒருவனுக்கொருவன் சேதி சொல்லத் தனி ஏற்பாடு வேண்டும். இரண்டாவது வழி, ஒரே புரோகிராமுக்குள் அறைக்கு ஒரு த்ரெட். த்ரெட் என்றால் உள்ளே தனியாக ஓடும் ஒரு வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் அடிவயிற்றில் கெர்னல் என்று ஒரு நிர்வாகி உண்டு. அது ஒவ்வொரு த்ரெட்டையும் முகம் தெரிந்து வைத்திருக்கும், ஒன்று எங்கேயாவது காத்துக்கிடந்தால் மற்றதை ஓட்டும். தொல்லை என்னவென்றால் எல்லா வேலையாட்களும் ஒரே சமையலறையில் புழங்குகிறார்கள். ஒருவன் பாதி கலக்கியதை இன்னொருவன் கவிழ்த்துவிடுவான். அதைத் தடுக்கப் பாத்திரத்துக்குப் பாத்திரம் பூட்டு போட வேண்டும். பூட்டு போட்டவன் திறக்க மறந்தால் குடும்பமே பட்டினி.

மூன்றாவது வழிதான் வரிசைக்காரருடையது. இதிலும் த்ரெட்டுகள் உண்டு, ஆனால் அவை இருப்பதே கெர்னலுக்குத் தெரியாது. கெர்னல் கண்ணுக்கு ஒரே ஒரு ஆள். உள்ளே இருப்பவை தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, என் வேலை ஆயிற்று, இனி நீ என்று ஒதுங்கி வழிவிடும். ஒரு சமயத்தில் ஒருவன்தான் நடமாடுவான் என்பதால் பூட்டே வேண்டாம். இருபது வருஷத்துக்கு முன்னால், கணினிகள் நோஞ்சானாக இருந்த காலத்தில், கெர்னல் தரும் த்ரெட்டுகளை நம்பி இறங்கியவர்கள் எல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அலைந்தபோது, வரிசைக்காரர் இதைத் தன் கையாலேயே எழுதி முடித்தார். அதற்கு 'முறை' என்று பெயரும் வைத்தார். அந்த வருஷம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளைக் கோலம் பூண்ட நாளில்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு களை இருந்ததில்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மனைவியின் தம்பி வேலையில் சேரும்வரை. சேர்த்துவிட்டதும் வரிசைக்காரர்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

மச்சான் இரண்டாவது வழியின் பக்தர். வந்த வாரமே ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, கெர்னல்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? அது பண்ற வேலைய நீங்க எதுக்கு இழுத்துப் போட்டுக்கிறீங்க?"

"அதுக்கு நம்ம வேலை தெரியாதுடா. எப்ப வேணா பாதியில பிடுங்கிட்டுப் போயிடும்."

"பூட்டு போட்டா போச்சு."

"ஆமா, போடு. ரெண்டு பேரு ரெண்டு பூட்ட வச்சுக்கிட்டு, நீ மொதல்ல தெற, நீ மொதல்ல தெறன்னு ஆயுசுக்கும் மொறைச்சுக்கிட்டு நிக்கட்டும்."

"உங்க வழியில ஒருத்தன் மூச்சு முட்டினா மொத்தக் கும்பலும் அம்பேல், மாமா."

இந்த ஒரு விஷயத்தில் மச்சான் சொன்னது சரி, அது வரிசைக்காரருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் அதிகமாக வந்தது. கெர்னல் கண்ணுக்கு ஒரே ஆள் என்பதால், உள்ளே இருக்கும் த்ரெட்டுகளில் ஒன்று எதற்காகவாவது கெர்னலிடம் போய்க் காத்து நின்றால், அந்த ஆளே காத்து நிற்கிறான் என்று கெர்னல் எல்லாரையும் சேர்த்து நிறுத்திவிடும். அப்படி நிற்கக்கூடிய இடங்களையெல்லாம் வரிசைக்காரர் ஒவ்வொன்றாகத் தேடி அடைத்திருந்தார். ஒன்று மட்டும் பிறகு வந்து சேர்ந்தது. ஒரு முதியோர் இல்லத்தின் மேலாளர், யார் எப்போது பொத்தானை அமுக்கினார்கள் என்று குறிப்பு வேண்டும், அது வேறு கட்டிடத்தில் இருக்கும் கணினியில் போய்ச் சேர வேண்டும் என்றார். சேர்த்தார்கள். ஒருநாள் நடுவிலிருந்த இணைப்பு அறுந்தது. எழுதப்போன த்ரெட் எழுத முடியாமல் நின்றது. அதோடு மாடி முழுக்க மணி நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலாளர் மட்டும் ஃபோனில் வாய்க்கு வந்தபடி பேசினார்.

அன்றைக்கு டயர் கடை இயந்திரத்தையே அமுக்கும் அளவுக்கு மாடியில் சத்தம். மச்சான் 'முறை'யை ஓட்டை உடைசல் என்றார். வரிசைக்காரர் நேற்றுப் பெய்த மழையில் முளைத்தவனெல்லாம் எனக்குச் சொல்ல வந்துவிட்டான் என்றார். அதோடு பேச்சு நின்றது. புரோகிராமைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். குறிப்பு எழுதும் பகுதி மச்சானுக்கு, மணியடிக்கும் பகுதி வரிசைக்காரருக்கு. அடுத்தவர் பகுதியைத் திறந்து பார்ப்பதுகூடக் கௌரவக் குறைச்சல் என்று இருவருமே நினைத்தார்கள். அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் வரிசைக்காரர் மனைவிக்கு ஃபோன் போடுவார், மனைவி தம்பிக்கு ஃபோன் போடுவார். தம்பி அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அதை எடுப்பார்.

"ஒரே ரூம்ல உக்காந்துக்கிட்டு என்னைய தபால்காரி ஆக்கிட்டீங்களே, வெக்கமா இல்ல?" என்று மனைவி கேட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது?

இந்த லட்சணத்தில் அத்தை கீழே விழுந்தார்.

அத்தை என்றால் வரிசைக்காரருக்கு மாமியார், மச்சானைப் பெற்றவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காலம் முழுக்க மைதானத்தில் நின்று ஊரார் பிள்ளைகளை ஓடவிட்டவர், வயதான காலத்தில் திரைச்சீலை மாட்ட ஸ்டூலில் ஏறினார். இடுப்பு முறிந்தது. மூட்டு மாற்றி வைத்தார்கள். தேறும்வரை பயிற்சியும் கவனிப்பும் இருக்கிற இடம் வேண்டும் என்றார் டாக்டர். மனைவி யோசிக்கவே இல்லை, அந்த முதியோர் இல்லத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"மகனும் மருமகனும் செஞ்ச மணி இருக்கற எடம். அதவிடப் பத்திரமான எடம் ஏது?"

மகனும் மருமகனும் அவரவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தார்கள்.

டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தனியாக எழுந்திருக்கவே கூடாது. இன்னொரு முறை விழுந்து அந்த மூட்டு நகர்ந்தால் பிறகு நடமாட்டமே சந்தேகம். அத்தை அதைக் கேட்டுக்கொண்டு தன் பக்கத்து நிபந்தனையையும் சொன்னார்.

"மணி அடிப்பேன். வந்தா சரி. கொஞ்ச நேரம் பாப்பேன், வரலேன்னா நானே எழுந்துக்குவேன். யாருக்காகவும் நான் காத்துக்கிட்டுக் கெடந்தது இல்ல."

சொன்னால் செய்கிற மனுஷி என்பது குடும்பத்துக்கே தெரியும். வரிசைக்காரருக்குப் பயம். மச்சானுக்கும் பயமாக இருந்திருக்கும், கேட்க முடியாதே. இருவரும் அந்த வாரமே அவரவர் பகுதியில் புகுந்து, அடுத்தவருக்குத் தெரியாமல் வைத்தியம் பார்த்தார்கள்.

மச்சான் பார்த்த வைத்தியம் இது. குறிப்பு எழுதுவதற்கென்று மட்டும் ஒரே ஒரு நிஜமான கெர்னல் த்ரெட்டை உள்ளே விட்டார். எழுத முடியாமல் நின்றால் அது மட்டும் நிற்கும். சேதிகளைத் தயார் செய்து வைக்கும் இடம் ஒன்று உண்டு, தட்டு என்று சொல்வார்கள். இனி அந்தத் தட்டில் இரண்டு பேர் கை வைப்பார்கள் என்பதால் யார் கை வைத்தாலும் தானாக விழும்படி அதற்கு ஒரு பூட்டும் போட்டார். சேதியை எடுக்கிற கண்சிமிட்டும் நேரம்தான் பூட்டியிருக்கும். ஒழுங்கான வேலை. சொல்லியிருந்தால் வரிசைக்காரரே முணுமுணுத்துக்கொண்டு ஒப்புக்கொண்டிருப்பார்.

வரிசைக்காரர் பார்த்த வைத்தியம் வேறு. யூனிக்ஸில் ஃபோர்க் என்று ஒரு வித்தை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், தன்னை அச்சு அசலாக ஒரு நகல் பெற்றுப்போடும். பிறந்ததைப் பிள்ளை என்றே சொல்வார்கள். பொத்தானை அமுக்கினால் உடனே ஒரு பிள்ளை பிறக்கும், தட்டில் சேதி வைக்கும், மணியை அடிக்கும், அடித்ததும் செத்துப்போகும். தாய்க்கு என்ன நேர்ந்தாலும் பிள்ளை தன் கடமையைச் செய்துவிடும். இதுவும் ஒழுங்கான வேலைதான். கூடவே அத்தையை மனதில் வைத்து இன்னொன்றும் சேர்த்தார். அத்தை பொத்தானை ஒருமுறை அமுக்குகிற ரகம் இல்லை, விட்டுவிட்டு அமுக்கிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு பிள்ளை பிறந்தால் வீடு தாங்குமா? ஓர் அறைக்குப் பிறந்த பிள்ளை உயிரோடு இருக்கும்வரை அந்த அறையின் அடுத்த அமுக்கல்களைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று எழுதிவைத்தார். எழுதிவிட்டு, நாம் என்றால் கொக்கா என்று தனக்குத்தானே சிரித்தும் கொண்டார்.

இரண்டும் சேர்ந்து இல்லத்துக்குப் போயின. வேலை செய்தன. இணைப்பு அறுந்தபோதும் மணி அடித்தது. வரிசைக்காரர் தன் வைத்தியம் பலித்தது என்று நினைத்தார். மச்சான் தன் வைத்தியம் பலித்தது என்று நினைத்தார். ஒருவரையொருவர் பார்த்து இளக்காரமாக ஒரு சிரிப்பு சிரித்துக்கொண்டார்கள்.

விடுமுறை நாள் பிற்பகல் ஒன்றில் வரிசைக்காரரும் மனைவியும் அத்தையைப் பார்க்கப் போனார்கள். மூன்றாவது மாடி, தாழ்வாரத்தின் ஒரு கோடியில் அறை, மறு கோடியில் நர்ஸ் மேசை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் குளியலறைக் கதவு. பயிற்சி கொடுப்பவரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று மனைவி கீழே போய்விட்டார். மாமியாரும் மருமகனும் தனியாக விடப்பட்டார்கள். அப்படி விடப்படும்போது அவர்கள் வழக்கமாகப் பேசுவது வெயிலைப் பற்றித்தான். வெயிலைப் பற்றிப் பேசி முடித்தார்கள்.

அத்தை பொத்தானை அமுக்கினார். குளியலறைக்குப் போக வேண்டும். எழுந்து நிற்க ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையிடம் போய் அதைச் சொல்வதாவது? செத்தாலும் மாட்டார். மாப்பிள்ளையும் அதைப் புரிந்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே மும்முரமாகப் பார்த்தார்.

யாரும் வரவில்லை. மறுபடியும் அமுக்கினார். அதற்கப்புறம் பள்ளிக்கூட வேகத்தில் அமுக்கினார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? மத்தியானத்துலேருந்து இதே கததான். அந்த நர்ஸ் வேணும்னே வர்றதில்ல."

வரிசைக்காரரின் காது விடைத்தது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் மணி அடிப்பது தெளிவாகக் கேட்டது. அடித்தது வேறு அறைகளின் மணி. நர்ஸின் செருப்புச் சத்தம் அந்த அறைகளுக்குள் போய் வந்தது. ஆக, புரோகிராம் உயிரோடு இருக்கிறது. இந்த ஓர் அறை மட்டும் செத்திருக்கிறது. இருபது வருஷ வேலையில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. எலியைக் கண்ட பூனை மாதிரி ஆகிவிட்டது மனிதருக்கு. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இல்லத்தின் கணினிக்குள் நுழைந்தார்.

"மாப்பிள்ளை, அந்த நர்ஸக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

"இதோ அத்தை, ஒரு நிமிஷம்."

உள்ளே அத்தையின் அறைக்குப் பிறந்த பிள்ளை ஒன்று சாகாமல் உட்கார்ந்திருந்தது. அது உயிரோடு இருப்பதால் அத்தையின் அமுக்கல் ஒவ்வொன்றையும் தாய் கண்டுகொள்ளாமல் தள்ளிவிட்டிருந்தது. சரி, இது ஏன் சாகவில்லை? தோண்டிப் பார்த்தார். ஒரு பூட்டுக்காகக் காத்திருந்தது. பூட்டா? என் புரோகிராமில் ஏது பூட்டு? இன்னும் தோண்டினார். மச்சானின் கைவரிசை தெரிந்தது. வரிசைக்காரர் பல வாரங்களுக்குப் பிறகு மச்சானுக்கு நேரடியாக ஃபோன் போட்டார்.

"டேய், தட்டுக்குப் பூட்டு போட்டியா நீ?"

"ஆமா மாமா. எழுதறதுக்கு ஒரு த்ரெட் விட்டிருக்கேன். எழுதறது சுத்தமாப் போகுதே, என்ன இப்ப?"

"அத ஏண்டா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க பேசினாத்தானே சொல்றதுக்கு? இருங்க, எதுக்குக் கேக்கறீங்க? நீங்க என்ன பண்ணீங்க?"

"ஃபோர்க்."

"த்ரெட் ஓடற புரோகிராம்லயா மாமா?"

"த்ரெட் ஓடுதுன்னு எனக்குக் கனவா வந்துச்சு?"

நாற்காலிக்குப் பின்னாலிருந்து அத்தை, "மாப்பிள்ளை, கூப்பிட்டீங்களா?" என்றார். வரிசைக்காரர் திரும்பாமலேயே கையைத் தூக்கிக் காட்டினார்.

"கண்டுபிடிச்சிட்டேன் அத்தை, இதோ முடிஞ்சது."

இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. ஃபோர்க் என்றால் நகல்தான், ஆனால் பிள்ளைக்குள் வருவது ஃபோர்க்கைக் கூப்பிட்ட அந்த ஓர் ஓட்டம் மட்டும். தாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த மற்ற கெர்னல் த்ரெட்டுகள் பிள்ளையிடம் இருக்காது. பூட்டோ, அந்தக் கணத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வரும். மச்சானின் த்ரெட் தட்டைப் பூட்டிக் கையை வைத்த கண்சிமிட்டும் நேரத்தில் அத்தை பொத்தானை அமுக்கியிருக்கிறார். பிள்ளை பூட்டிய தட்டோடு பிறந்துவிட்டது. திறக்க வேண்டியவனோ அந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. ஆயுசுக்கும் காத்திருக்க வேண்டியதுதான். எப்போதாவதுதான் இப்படி அமையும். ஓயாமல் அமுக்குகிறவருக்குச் சீக்கிரம் அமையும்.

"மாமா, என்ன அழகான தப்பு இது" என்றார் மச்சான்.

"கையக் கொடுக்கலாம்டா" என்றார் வரிசைக்காரர். அந்த நேரத்தில் அவருக்கு மச்சான்மேல் கோபம்கூட இல்லை. இப்படி ஒருவரோடு பேசி எவ்வளவு நாளாயிற்று என்றுதான் தோன்றியது. தாய், பிள்ளை, பூட்டு என்று இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிக்கொண்டு பேசினார்கள். ஒருவேளை சிரித்தும் இருப்பார்கள்.

பின்னால் சத்தம் கேட்டது. ஆள் விழுந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று வரிசைக்காரருக்கு அதற்கு முன் தெரியாது.

அத்தை குளியலறைக் கதவருகே கிடந்தார். கண் திறந்திருந்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் புடவையைக் காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். கிட்டே ஓடிய மாப்பிள்ளையிடம், "நீங்க தூக்க வேணாம், அந்த நர்ஸ் பொண்ணக் கூப்பிடுங்க" என்றார். வரிசைக்காரர் தாழ்வாரத்தில் ஓடினார். ஓடியபோதுதான் தெரிந்தது, நர்ஸ் மேசை எவ்வளவு கிட்டே இருந்தது என்று.

மூட்டு நகரவில்லை. அதைக் கேட்கும்வரை மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை வாசலில் வரிசைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழும்போது ஊன்றிய வலது முன்கை எலும்பு முறிந்திருந்தது. கன்னம் கன்றிப்போயிருந்தது. அடித்துப்பிடித்து வந்து சேர்ந்த மச்சான், மாமாவுக்குப் பக்கத்தில் அதே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி இருவரையும் பார்த்தார். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"மணி கெட்டுப்போச்சு, சரி. மெஷின்னா கெடத்தான் செய்யும். எழுந்து நடந்து போய்க் கூப்பிட உங்களுக்குக் கால் இல்லையா?"

வரிசைக்காரருக்குக் கால் இருந்தது. நர்ஸைக் கூப்பிடச் சொல்லி அத்தை இரண்டுமுறை கேட்டதும் காதில் விழுந்திருந்தது. மருத்துவமனைக் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதார். வெளியே யாரோ கதவைத் தட்டி, சீக்கிரம் வாங்க சார் என்றார்கள்.

மறுநாள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஃபோன் இல்லை. மச்சான், நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வரிசைக்காரருக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். பாவி, சொல்லவில்லை. வரிசைக்காரரே ஆரம்பித்தார்.

"'முறை'யத் தூக்கிடலாம்டா."

"மொத்தமாவா மாமா?"

"ரூமுக்கு ஒரு கெர்னல் த்ரெட். தட்டு மாதிரிப் பொதுவுல இருக்கறது எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைக்கணும். மிச்சத்துக்குப் பூட்டு. எந்தப் பூட்ட மொதல்ல எடுக்கணும்னு ஒரே ஒழுங்கு, யாரும் மாத்தக் கூடாது. த்ரெட் ஓட ஆரம்பிச்ச பெறகு ஃபோர்க் பேச்சே எடுக்கக் கூடாது."

"குறிப்பு எழுதறது?"

"அது தனிப் புரோகிராம். தனிக் குடித்தனம். அங்க தீப்பிடிச்சாலும் மணிக்குத் தெரியக் கூடாது."

மச்சான் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார். "'முறை'யில ஒண்ணு நல்லா இருக்கும் மாமா. ஒருத்தன் முடிச்சிட்டுத்தான் இன்னொருத்தன். மேசையில போய் மணி அடிக்கறதுக்கு மட்டும் அப்படி ஒரு வரிசை வச்சுக்கலாமா? அங்க ஒரே ஒரு த்ரெட் போதும்."

ஆறுதலுக்குச் சொல்கிறானா, நிஜமாகத்தான் சொல்கிறானா என்று வரிசைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். நிஜமாகத்தான் சொன்னார். வைத்துக்கொண்டார்கள்.

பழையதை அழிக்கும் கட்டளையை வரிசைக்காரரே தட்டினார். இருபது வருஷம் ஒரு வரியில் போய்விட்டது. நிச்சயமாகத்தானா என்று கணினி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யூனிக்ஸுக்கு என்றைக்குமே மட்டு மரியாதை கிடையாது. அன்று முதல் ஒருவர் எழுதியதை மற்றவர் வரிக்கு வரி படித்து, திட்டி, திட்டு வாங்கின பிறகுதான் எதுவும் வெளியே போனது. புதியதை இல்லத்தில் பொருத்திவிட்டு இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தார்கள். எல்லா அறைப் பொத்தான்களையும் ஒன்றாக அமுக்கிப் பார்த்தார்கள். காலால் எட்டி உதைக்காததுதான் பாக்கி. ஒரு மணியும் தப்பவில்லை. அந்த நர்ஸிடம் இருவரும் போய், கோளாறு எங்களுடையது, உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்றார்கள். அது எனக்கு அப்பவே தெரியுமே என்றார் நர்ஸ்.

அத்தை திரும்பி வந்து அதே அறையில் படுத்திருந்தார், வலது கையில் மாவுக்கட்டு. வரிசைக்காரர் பொத்தானை இடது கைப்பக்கம் மாற்றிக் கட்டி, "இப்ப அமுக்கிப் பாருங்க அத்தை. சும்மா ஒரு தடவ" என்றார்.

அத்தை பொத்தானைப் பார்த்தார். அதை எடுத்துத் தலையணைக்கு அந்தப் பக்கம் போட்டார்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கடைக்காரரிடம் வேண்டாத சாமானைத் திருப்பித் தருகிற மாதிரி மரியாதையாகச் சொன்னார். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை. மற்ற அறைகள் எல்லாம் அடித்துக்கொண்டே இருந்தன. நாற்பது அறைகள் ஒரே நேரத்தில் அடித்தாலும் சலிக்காத ஒன்றை வரிசைக்காரர் செய்துவைத்திருந்தார். அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் தேவைப்பட்டால் வாயால் கூப்பிட்டார். அந்தக் குரல் தாழ்வாரத்தின் மறு கோடிக்குப் போய்ச் சேரவில்லை.

மகள் பகலில் உட்கார்ந்தார். மாலையில் வேலை முடிந்ததும் வரிசைக்காரர் வந்தார், சில நாள் மச்சான் வந்தார். அறைக்கு வெளியே, கதவை ஒட்டி ஒரு நாற்காலி. லேப்டாப்பை மனைவி பிடுங்கி வைத்துக்கொண்டார். ஃபோனை வரிசைக்காரரே அணைத்துப் பைக்குள் போட்டார். செய்வதற்கு ஒன்றும் இல்லை. காதைக் கொடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டால்கூடப் பாதி எழுந்துவிடுவார்.

"மாப்பிள்ளை."

எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. "என்ன அத்தை? நர்ஸக் கூப்பிடவா?"

அத்தை படுத்தபடியே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒண்ணும் வேணாம். வர்றீங்களான்னு பாத்தேன். போய் உக்காருங்க."

வரிசைக்காரர் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அத்தை மறுபடியும் கூப்பிட்டார்.